எதைக் காப்பது, எதை விடுவது?

லினக்ஸ் கணினியில் எழுதும் பத்திரிகை நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வன்தட்டின் எல்லாப் பிரிவுகளையும் பிரதி எடுத்துவைக்க வேண்டுமா? தேவையில்லை. ‘இது அழிந்தால் வேறெங்கேனும் கிடைக்குமா?’ என்று ஒவ்வொரு பிரிவையும் பற்றிக் கேட்டுக்கொண்டாற் போதும்.

‘யூ.எஸ்.ஆர்’ அளவிற் பெரியது. ஆயினும் அதில் உள்ளவை பெரும்பாலும் இணையத்திலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருட்களே. நிறுவியவற்றின் பெயர்ப்பட்டியல் ஒன்று கைவசம் இருந்தாற் போதும். அதனுள் இருக்கும் ‘லோக்கல்’ மட்டும் விதிவிலக்கு; நாமாகச் சேர்த்தவை அங்கேதான் இருக்கும். ‘டெம்ப்’, ‘ஸ்வாப்’ இரண்டும் தற்காலிகமானவை. ‘புரொக்’ வன்தட்டிலேயே இல்லை. இயங்கும் கணினி தன் நிலையைக் கோப்புகள்போலக் காட்டும் தோற்றம் அது.

‘எட்சி’ மிகச் சிறியது. ஆனால் கணினியின் அமைப்புகள் யாவும் அதில் உள்ளன, அதை விடலாகாது. ‘வார்’ கலப்பானது. அதன் இடைத்தேக்கத்தை விட்டுவிடலாம். அஞ்சலையும் தரவுத்தளத்தையும் விடலாகாது. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அவை பழுதாகலாம். அதற்கென உள்ள ஏற்றுமதிக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். ‘ஹோம்’ பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நாம் எழுதியவை அங்கேதான் இருக்கின்றன.

இன்று பல கணினிகளில் இவை தனிப் பிரிவுகளாக இல்லாமல் ஒரே பிரிவின் கோப்புறைகளாகவே இருக்கின்றன. அங்கும் கேள்வி அதுவே.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அச்சேறிய நூல்களிற் பலவற்றுக்கு வேறிடங்களிற் பிரதிகள் இருந்தன. ஒற்றைப் பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகளுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. நம் குறிப்புகளும், நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளும், அச்சேறாத பக்கங்களும் அச்சுவடிகளைப் போன்றவை.

ஆகவே ஒரு பிரிவை அதே வன்தட்டின் இன்னொரு பிரிவில் நகலெடுத்துவிட்டு நிம்மதி கொள்ளாதீர்கள். வீடு எரிந்தால் எல்லா அறைகளும் எரியும். ஒரு பிரதி வெளித் தட்டில் இருக்கட்டும். இன்னொன்று, கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டு, வேறோர் ஊரில், முடிந்தால் வேறொரு நாட்டில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள். திறவாத பிரதி இருந்தும் இல்லாததே.