லாக் அடிக்கும் சனிக்கிழமைகள்

அரசியலும் இலக்கியமும் பேசிவரும் இந்தப் பக்கத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எழுத நேருமென்று நான் எண்ணியதில்லை. ஆனால் கடந்த சில மாதங்களாக என் வீட்டில் அதிகம் உச்சரிக்கப்பட்ட சொல் 'லாக்' என்பதுதான். வெள்ளவத்தையில் என்னோடு இருக்கும் மகளின் மகனும் ரொறன்ரோவில் வளரும் மகனின் மகனும் ஏறக்குறைய ஒரே வயதினர். சனிக்கிழமை தோறும் இங்கு இரவு ஏழரை மணிக்கு, அங்கு காலை பத்து மணிக்கு, இருவரும் ஒரே அணியில் சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். துப்பாக்கி எனக்கு உவப்பானதன்று. ஆயினும் அங்குள்ளவன் வாரத்தில் ஒருமுறை இரண்டு மணிநேரம் தொடர்ந்து தமிழ் பேசுவது அந்த ஒலிவாங்கி வழியாகத்தான். அவனுடைய தந்தையால் பத்து ஆண்டுகளில் செய்விக்க முடியாத காரியம் அது.

அந்தச் சனிக்கிழமைகள்தாம் ஆபத்துக்குள்ளாயின. இங்குள்ளவன் எதிரியைச் சுட்டால் எதிரி விழுவதில்லை. அடுத்த கணம் இவனே விழுந்து கிடப்பான். "நீ வேணுமெண்டே விட்டிட்டு நிக்கிறாய்" என்று அவன் அங்கிருந்து ஏச, "எனக்கு லாக் அடிக்குதடா" என்று இவன் இங்கிருந்து கத்துவான். மூன்றாவது வாரம் இருவரும் பேசாமலே எழுந்து போனார்கள். பொறியியல் எனக்குத் தெரியாது. ஆனால் யார், எப்போது, எங்கே என்று கேட்டுக் குறிப்பெடுப்பது நாற்பது ஆண்டுத் தொழில். ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேரனுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.

முதலில் பிரிக்கவேண்டியது, தடுமாறுவது கணினியா இணைப்பா என்பதை. இணையமின்றித் தனியே ஆடும்போதும் திரை விக்கினால் கோளாறு கணினியில். இவனுடையது விக்கவில்லை. ஆகவே இணைப்பு.

இணைப்பை அளக்க 'பிங்' என்றொரு சிறு நிரல் இருக்கிறது. அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசெம்பரில் எழுதியது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ஒரு சிறு பொதியை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்று சொல்லும். பலரும் நேரே விளையாட்டு வழங்கிக்கு பிங் செய்து, பெரிய எண்ணைக் கண்டு, நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். வீட்டிலிருக்கும் ரௌட்டருக்கு முதலில் பிங் செய்யவேண்டும். இவனுடைய அறையிலிருந்து ரௌட்டர் முப்பது அடி. நடுவில் மூன்று சுவர்கள். 2, 3, 2 என்று வந்த எண் திடீரென 90 ஆயிற்று, மறுபடி 3, பிறகு 140. வீட்டு வாசலைத் தாண்டுமுன்பே பொதி தடுக்கி விழுகிறது! வை-ஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் தொடர்மாடியின் அத்தனை வீட்டு ரௌட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்புகளும் சேர்ந்து இரைச்சலிடுகின்றன. 5 கிகாஹேர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் அது சுவரை ஊடுருவுவதில் சோம்பேறி. சுவரோரமாக ஒரு கம்பியை இழுத்து இணைத்தோம். எண் 1 இல் நின்றது.

அத்தோடு முடியவில்லை. இரவு ஏழரைக்குப் பின் மறுபடி தடுமாற்றம். இணைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, இன்னும் பெரிய 'பக்கேஜ்' எடுங்கள் ஐயா என்றார் ஒரு இளைஞர், மிகுந்த மரியாதையோடு. இங்கேதான் பொதுமக்கள் ஏமாறுகிறார்கள் என்பது என் துணிபு. அகலம் வேறு, தாமதம் வேறு. முன்னாளில் கொழும்பில் அச்சான பத்திரிகைக் கட்டுகள் இரவுத் தபால் ரயிலில் யாழ்ப்பாணம் போகும். ஆயிரக்கணக்கான பிரதிகளை அது சுமக்கும், ஆனால் போய்ச் சேரக் காலையாகும். ட்ரங்க் கோலில் ஒரு வசனந்தான் சொல்லலாம், அது அக்கணமே போய்விடும். விளையாட்டுக்குத் தேவை ட்ரங்க் கோல். ரயிலுக்கு இன்னும் பத்துப் பெட்டிகளைக் கோத்தால் அது விரைந்து ஓடுமா?

குறிப்புப் புத்தகம்தான் விடை தந்தது. ஏழரை என்பது மகள் அலுவலகத்திலிருந்து வந்து தன் கைத்தொலைபேசியை மின்னேற்ற வைக்கும் நேரம். வைத்ததும் அது அன்றைய படங்களையும் காணொளிகளையும் மேகத்துக்கு ஏற்றத் தொடங்கும். வீட்டுக்கருவி அவற்றையெல்லாம் நினைவகத்தில் வரிசையாக அடுக்கிக்கொள்ள, பேரனின் சின்னஞ்சிறு பொதி அந்த வரிசையின் வாலில் நின்று தவிக்கும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் 2010 அளவில் தம் வீட்டிலேயே இதைக் கண்டறிந்து ஊரறியச் செய்தார். 'பஃபர்புளோட்' என்று பெயர். கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012 இல் இதற்கு ஒரு மருந்து கண்டார்கள். பல ரௌட்டர்களில் இப்போது அது 'எஸ்.கியூ.எம்.' என்ற பெயரில் கிடைக்கிறது. பதிவேற்ற வேகத்தை உள்ளதில் ஒன்பது பங்காக மட்டுப்படுத்தி அதை இயக்கினோம். படங்களும் போயின, பேரனும் சுட்டான். பெரிய பக்கேஜ் வாங்கவில்லை.

இனி எஞ்சியது தூரம். அதற்கு மருந்தில்லை. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிசெக்கனாவது வேண்டும். ரொறன்ரோ நேர்கோட்டில் 14,000 கிலோமீற்றர்; போய்வர 140. கடலடிக் கேபிள்களோ நேர்கோட்டில் கிடப்பதில்லை. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிள் செங்கடல் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போகிறது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அருகே கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவின் பல நாடுகளில் இணையம் தள்ளாடியது நினைவிருக்கலாம். மச்சான்மார் ஆடிய வழங்கி ரொறன்ரோவிலேயே இருந்தது. அங்குள்ளவனுக்கு 20 மில்லிசெக்கன், இங்குள்ளவனுக்கு 260. எதிரி சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகுதான் இவனுக்கு அவன் கண்ணிலேயே படுகிறான்.

1996 இல் 'குவேக்வேர்ல்ட்' வந்த காலந்தொட்டு, வழங்கியின் விடைக்குக் காத்திராமல் உங்கள் அசைவை உங்கள் கணினியே முன்கூட்டி ஊகித்துக் காட்டிவிடுகிறது. அதனால் நீங்கள் தடையின்றி ஓடுவதாகத் தோன்றும். சுட்ட குண்டு பட்டதா என்று தீர்ப்பளிப்பது மட்டும் தொலைவிலிருக்கும் வழங்கி. இதைச் சின்னவனுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். சிறிது நேரம் பேசாமலிருந்தான். "அப்ப அவன் பொய் சொல்லேல்லையா, அப்பப்பா?" என்றான். இல்லையடா என்றேன்.

பிராங்பேர்ட்டில் உள்ள வழங்கியில் தனி அறை திறக்கலாம் என்று சொன்னவனும் அவன்தான். அங்கே இவனுக்கு 170, அவனுக்கு 105. தன் 20 ஐ அவன் கேட்காமலே விட்டுக்கொடுத்தான். இப்போது இருவரும் சேர்ந்தே தோற்கிறார்கள், தமிழிலேயே ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள். நவம்பரில் கனடாவில் மணிக்கூட்டைப் பின்தள்ளுவார்கள். அதன்பின் ஆட்டம் இங்கு எட்டரைக்குத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடிக்கவேண்டுமென்று மகள் சொல்லிவிட்டாள்.