எட்டாவது உருட்டல்

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடத்தை நாம் தொடங்கும் நாளில், அடுத்த வகுப்பு ஆசிரியர் ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்ப்பது வழக்கம். பித்தளைத் தாயக்கட்டைகள் தரையில் உருளும் சப்தம் அப்படிப்பட்டது. "என்ன ஸார், சூதாட்டமா?" என்பார். "நளன் நாட்டைத் தோற்றதும் சூதில், இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்ற பின்பு மீட்டதும் சூதில், நாம் நடத்துவது இரண்டாவது பாதி" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

பாட்டியோடு தாயம் ஆடாத பிள்ளை நமது நாஞ்சில் நாட்டில் அபூர்வம். கட்டை ஒன்றுக்கு நான்கு முகங்கள்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் இரண்டே விதம்; மூன்றோ நான்கு விதம். எனவே தாயம் எட்டில் ஒரு பங்கு.

"அப்படியானால் எட்டுத் தடவை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயந்தானே?" என்று கேட்டோம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. 42 பேரையும் முறைவைத்து எட்டெட்டுத் தடவை உருட்டச் செய்தோம். 15 பேருக்குத் தாயமே விழவில்லை! எட்டில் ஏழு என்னும் பின்னத்தை எட்டு முறை பெருக்கினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வருகிறது என்பதைப் பிறகுதான் பலகையில் எழுதினோம்.

கடைசிப் பெஞ்சிலிருந்த ஒருவனுக்கு மட்டும் சம்மதமில்லை. "ஏழு தடவை விழாட்டா, எட்டாந் தடவை விழத்தானே ஸார் செய்யணும்? எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றான்.

விஷயம் நமக்கு விளங்கியது. லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003-ல் தடை செய்துவிட்டது. கேரள அரசாங்கமோ 1967-ல் தொடங்கியதை இன்றும் நடத்துகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் சீட்டுக் கடை. திருவிதாங்கூரை விட்டு இந்தப் பகுதி 1956-ல் பிரிந்து வந்ததென்னவோ உண்மை. ஆனால் கால்களுக்குப் பழைய பாதை மறக்கவில்லை. இத்தனை வருஷம் விழாத பரிசு இனி நெருங்கியிருக்க வேண்டும் என்பது அந்தத் தகப்பனாரின் கணக்கு.

மகன் முன்னிலையில் தகப்பனைப் பேதையென்று சொல்ல எந்த வாத்தியாருக்கும் உரிமையில்லை. ஆகவே பேசாமல் பள்ளிக் கம்ப்யூட்டரைத் திறந்தோம். எட்டு உருட்டல் கொண்ட ஆட்டங்களை ஒரு லட்சம் தடவை அதை ஆடச் செய்தோம். முதல் ஏழும் தவறிய ஆட்டங்களை மட்டும் பொறுக்கினோம், ஏறக்குறைய 39,000. அவற்றில் எட்டாவதாகத் தாயம் விழுந்தவை ஏறக்குறைய 4,900. அதே எட்டில் ஒரு பங்கு! ஏழு தடவை ஏமாற்றியதற்காகக் கட்டை வெட்கப்படவேயில்லை.

"மிஷின் சொல்லுறத எப்படி ஸார் நம்ப?" என்றான் பையன். நல்ல கேள்வி. கெர்ரிச் என்ற கணித ஆசிரியர் இரண்டாவது உலக யுத்தத்தில் டென்மார்க்கில் காவலில் அகப்பட்டு, பொழுது போகாமல் நாணயத்தை 10,000 தடவை சுண்டி, 5,067 தலை விழுந்ததாக எழுதிவைத்த கதையைச் சொன்னோம். பிறகு கட்டைகளை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினோம்.

திங்கட்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். 80 வரிசைகள், ஏழும் தவறிய இடங்களில் எட்டாவதைச் சுற்றி வட்டம். வட்டங்கள் 31, அவற்றுள் தாயம் 4. முதல் இரண்டு பக்கம் பையனின் கோழிக்கிறுக்கல். மூன்றாம் பக்கத்திலிருந்து எழுத்து மாறியிருந்தது. அழுத்தமான பெரியவர் கை. ஒவ்வொரு வட்டத்தையும் இரண்டு தடவை சுற்றியிருந்தார்.

சீட்டு வாங்குவது நின்றதா என்று நாம் கேட்கவில்லை. கட்டைகளை இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்கச் சொன்னதாகப் பையன் சொன்னான்.