காங்கிரியின் கதகதப்பில்

மார்கழிப் பனிக்கே தலைவரை போர்வையை இழுத்துக்கொள்ளும் நமக்கு, ஸ்ரீநகரின் குளிர்காலத்தைச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. டிசம்பர் 21 அன்று அங்கே 'சில்லை கலான்' தொடங்குகிறது. 40 நாட்கள் கடுங்குளிர். அதன்பின் 20 நாட்கள் 'சில்லை குர்த்'. அடுத்த 10 நாட்கள் 'சில்லை பச்சா'. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக் குளிர் எனக் குளிருக்கும் ஒரு குடும்பத்தை அமைத்துக் கொடுத்துவிட்டார்கள்! 2021 ஜனவரியில் அந்நகரின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 8 டிகிரிக்கும் மேலாக இறங்கியது. தால் ஏரி உறைந்துபோனது.

வாசகர்களே, அந்நகரின் பழைய பகுதியிலுள்ள ஒரு வீட்டிற்கு என்னுடன் வாருங்கள். டிசம்பர் நடுவில் ஒரு மாலை நானும் என் இல்லாளும் அங்கே விருந்தினர். வீட்டுக்காரர் சால்வை வியாபாரி. இலையுதிர் காலத்தில் மூட்டையுடன் கொல்கத்தா சென்றால், பனி உருகும்போதுதான் திரும்புவார். மணமாகி 26 குளிர்காலங்கள் கடந்துவிட்டன. கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் கழித்தவை நான்கோ ஐந்தோதான். இவ்வாண்டு முழங்கால் வலி அவரை நிறுத்திவிட்டது.

சன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தரையில் கம்பளம் விரித்திருந்தனர். அம்மையார் என் மனைவியை மாடிக்கு அழைத்துச் சென்று தமது சேமிப்பைக் காட்டினார். கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி ஆகியவற்றைக் கோடையிலேயே நறுக்கி, உலர்த்தி, சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார். பனியால் நெடுஞ்சாலை அடைபட்டால் இந்த வற்றல்தான் துணை. நம் வீட்டு வற்றலை நினைத்துக்கொண்டு என் மனைவி ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டாள்!

கீழே எங்களுக்குக் காங்கிரி தந்தார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் சாம்பல் மூடிய கரி நெருப்பு. 'ஃபிரன்' எனும் தளர்ந்த நீண்ட அங்கிக்குள் அதை அணைத்துக்கொள்கிறார்கள். கைகள் உள்ளேயிருப்பதால் சட்டைக் கைகள் வெறுமையாகத் தொங்குகின்றன. இதைப் புகழ்ந்துவிட்டு மட்டும் நகர்வது முறையன்று. ஆண்டுக்கணக்கில் தோலைச் சுடும் இச்சூட்டினால் தோல் புற்றுநோய் உண்டாவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். அடைத்த அறையில் கரிப்புகை உயிரையே வாங்கும். அம்மையார் உறங்குமுன் எல்லாக் காங்கிரிகளையும் வெளியே எடுத்துச் சென்றுவிட்டார்.

சமாவரிலிருந்து இளஞ்சிவப்பு உப்புத் தேநீர் வந்தது. சர்க்கரைக்குப் பழகிய நாவுக்கு முதல் மிடறு சற்றுச் சோதனைதான். இரண்டாம் கோப்பையை நானே கேட்டேன். தேநீருக்கிடையே அவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கொல்கத்தாவில் சால்வையைக் கடனாகக் கொடுத்து, பணத்தைத் தவணையாகவோ மறு குளிர்காலத்திலோ வாங்குவது அவர் வழக்கம். இவ்வாண்டு போகாததால் பழைய பாக்கி முழுவதும் அங்கேயே நிற்கிறது. மகளின் திருமணமோ வசந்தத்தில்!

"ஒருமுறை போய் வசூலித்துவிட்டு வந்துவிடுகிறேனே" என்றார், எங்களைப் பார்த்து.

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "படியேறவே சுவரைப் பிடிக்கிறீர்கள், கொல்கத்தாவில் மாடி மாடியாய் யார் ஏறுவது?"

அவர் நோட்டை ஃபிரனுக்குள் செருகினார்.

"காங்கிரி அருகே வைக்காதீர்கள், பாக்கியெல்லாம் கருகிவிடும்!" என்றார் அம்மையார். இருவரும் சிரித்தனர்.

சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்புகையில் அவர் ஹரீஸா வாங்கி வந்தார். இரவெல்லாம் ஆட்டிறைச்சியையும் அரிசியையும் குழையவிட்டுச் செய்யும் குளிர்கால உணவு அது. உண்டு முடித்ததும் கொல்கத்தாவுக்குத் தொலைபேசினார். "இவ்வாண்டு வரவில்லை, பணத்தை அனுப்ப முடியுமா?" என்று ஒவ்வொருவரிடமும் தயக்கத்துடன் கேட்டார். மூவர் சம்மதித்தனர், ஒருவர் எடுக்கவேயில்லை. அம்மையார் அருகிலமர்ந்து கரியைக் கிளறி, காங்கிரியை அவர் முழங்காலருகே நகர்த்தி வைத்தார்.