நர்ஸுக்கு நாடு பார்த்த கதை

எங்கள் திருமுடிவாக்கத்தில் இரண்டு சத்தம் ஓயாது. சிட்கோ எஸ்டேட்டில் லேத்தும் பிரஸ்ஸும் ஓடுகிற சத்தம் ஒன்று. மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காகத் தாழப் பறந்து வருகிற விமானத்தின் சத்தம் இன்னொன்று. முதல் சத்தத்தில் பிழைப்பு நடத்துகிறவர்கள் என்னைப் போன்ற ஆசாமிகள். இரண்டாவது சத்தத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

என் தங்கை மகள் நர்ஸ். டிப்ளமா முடித்து, பக்கத்துப் பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். சம்பளம் பதினாலாயிரம். ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட ஒரு நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைக்கப்பட்ட குழு 2016-லேயே பரிந்துரை செய்துவிட்டது. டெல்லியிலிருந்து கிளம்பிய அந்தப் பரிந்துரை பல்லாவரம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதோ என்னவோ, எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. மதராஸ் ஜி.எச்.சில் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தது 1871-இல். ஒன்றரை நூற்றாண்டாக நர்ஸ்களை உருவாக்கத் தெரிந்த நமக்கு, சம்பளம் கொடுக்கத்தான் இன்னும் கை வரவில்லை!

"வெளிநாடு போலாம்னு இருக்கேன் மாமா" என்றாள் ஒருநாள்.

"எந்த நாடு?"

"அதைத்தான் பார்க்கணும்."

பார்த்தோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய கூத்து, நர்ஸுக்கு நாடு பார்ப்பது. மாப்பிள்ளை விஷயத்தில் சொந்தக்காரர்கள் மட்டும்தான் யோசனை சொல்வார்கள். நாடு விஷயத்தில் தெருவே சொல்லும். மளிகைக்கடை அண்ணாச்சி "துபாய்தான்" என்றார். (கோடாலித் தைலம் வாங்கி வரச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டும்.) ரிடையர்டு தலைமையாசிரியர், இங்கிலீஷை அதன் பிறந்த வீட்டிலேயே போய்ப் பேச வேண்டும் என்றார். பையனை அமெரிக்காவில் வைத்திருக்கிற கோடி வீட்டு அம்மாள் மட்டும், "அமெரிக்கா வேண்டவே வேண்டாம், குளிர் தாங்காது" என்றார். தெருவுக்கு ஓர் அமெரிக்கா போதும் என்று நினைத்திருப்பார்.

நானும் அவளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஜாதகமாகப் பிரித்தோம்.

முதலில் வளைகுடா சம்பந்தம். சவுதி, குவைத், கத்தார், எமிரேட்ஸ். இவர்கள் முகூர்த்தத்தைச் சீக்கிரம் வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் வேலை அனுபவம் கேட்பார்கள். சர்டிபிகேட்டெல்லாம் அசல்தானா என்று 'டேட்டாஃப்ளோ' என்கிற சோதனை. கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தங்க இடமும், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டியும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. குறை ஒன்றுதான். எத்தனை வருஷம் உழைத்தாலும் 'நீ எங்க வீட்டுப் பொண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். குடியுரிமையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அடுத்தது அமெரிக்கா. ஜமீன் சம்பந்தம். 'என்கிளெக்ஸ்' என்று ஒரு பரீட்சை, இந்தியாவிலேயே எழுதலாம். சரியாகப் பதில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் கஷ்டமான கேள்வியாகக் கேட்கும். (நம் வீட்டு மாமியார்கள் ரொம்ப நாளாகக் கையாளும் முறைதான்!) குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. இந்தப் பெண் தேறுவாளா மாட்டாளா என்று தெரிந்த நிமிஷம் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடும். ஆனால் பரீட்சையில் தேறினாலும் பச்சை அட்டைக்கு வரிசை. ஒரு நாட்டுக்காரர்களுக்கு மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது அங்கே சட்டம். மாலத்தீவுக்கும் அதே 7, நமக்கும் அதே 7. நர்ஸ்கள் நிற்கிற அந்த வரிசையில், 2013-இல் வந்து நின்ற இந்தியர்களைத்தான் 2025-இல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, பன்னிரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் என்று சொல்கிற சம்பந்தம்.

இங்கிலாந்து? ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் 7 மதிப்பெண், எழுத்தில் மட்டும் 6.5 போதும். இங்கேயே கம்ப்யூட்டர் பரீட்சை. அங்கே போய், பொம்மையையும் நடிகரையும் நோயாளியாகப் படுக்க வைத்து நடத்துகிற செய்முறைப் பரீட்சை. அது முடிந்தால்தான் பதிவு நம்பர். ஐந்து வருஷம் இருந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்பதுதான் பெரிய கவர்ச்சியாக இருந்தது. 2025 மே மாதம் அந்த அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஐந்தைப் பத்தாக்கப் போவதாகச் சொன்னது. நிச்சயதார்த்தம் முடிந்தபின் சீர்வரிசைப் பட்டியலை மாற்றுகிற வீடு மாதிரி.

ஜெர்மனி வித்தியாசமான வீடு. ஆள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்காவோடு ஒப்பந்தம் போட்டு, நர்ஸிடம் பைசா வாங்காமல் ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகும் திட்டம்கூடத் தொடங்கினார்கள். ஒரே நிபந்தனை, அவர்கள் பாஷை. ஏ-1, ஏ-2, பி-1, பி-2 என்று நாலு படி. பி-2 முடித்து, படிப்புக்கும் அங்கீகாரம் கிடைக்கிற வரைக்கும் உதவியாளர்தான். அதற்கப்புறம்தான் முழு நர்ஸ். தவிர, அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் நர்ஸின் வேலை.

"இதுக்காடி படிச்சே?" என்றாள் என் தங்கை. நம் ஊரில் அதற்கு ஆயாம்மா இருக்கிறார்கள், இல்லையென்றால் நோயாளியின் சொந்தக்காரர்கள்.

பெண் அமைதியாகச் சொன்னாள். "குளிப்பாட்டும்போதுதாம்மா முதுகுப் புண் கண்ணுல படும். கேஸ் ஷீட்டுல படாது."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் எந்த நாடு?

இந்த நேரத்தில் தரகர் வராவிட்டால் அது சம்பந்தமே இல்லையே! தாம்பரத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் தோல் பை, போனில் ஏகப்பட்ட போட்டோக்கள். "எந்த நாடு வேணும், சொல்லுங்க. எட்டு லட்சம். மூணே மாசம்" என்றார். என்ன நாடு என்று கேட்காமலேயே விலை சொன்ன அழகைப் பாருங்கள். தங்கை அன்று ராத்திரி என்னிடம் வந்து, "அண்ணே, அந்த முக்கால் கிரவுண்டைப் பேசி முடிச்சுடலாமா?" என்றாள். போய்விட்ட என் மைத்துனர், ஓவர்டைம் பார்த்து ஓவர்டைம் பார்த்து வாங்கிப் போட்ட மனை அது. வேறு சொத்து கிடையாது. பெண் படித்ததற்கான பாங்க் கடனே மூன்று லட்சம் நிற்கிறது.

அப்போது எனக்கு இரண்டு பழைய செய்திகள் ஞாபகம் வந்தன. தங்கையை உட்கார வைத்துச் சொன்னேன்.

ஒன்று, 2015-இல் கொச்சி ஏஜென்சி ஒன்றின் மேல் சி.பி.ஐ. போட்ட வழக்கு. குவைத்துக்கு ஒரு நர்ஸை அனுப்ப, வாங்கலாம் என்று அனுமதித்திருந்த கட்டணம் 19,500 ரூபாய். வாங்கியதாகக் குற்றச்சாட்டு, ஆளுக்கு 19,50,000 ரூபாய். பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது இந்தியாதான், சரி. அதை இப்படியும் உபயோகிக்கலாம் என்று கண்டுபிடித்ததும் நம்மவர்கள்தான்.

இரண்டாவது, சிரிக்க முடியாத செய்தி. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கைக்குப் போனது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள். ஜூலை 5-ம் தேதி கொச்சியில் பத்திரமாக வந்து இறங்கினார்கள். அந்தச் சம்பவத்தை வைத்து 'டேக் ஆஃப்' என்று மலையாளத்தில் 2017-இல் படமே வந்தது. ஆனால் சண்டை நெருங்கிய நாட்களில், அவர்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்பதுதான் என் மனசில் தைத்த விஷயம். அங்கே சம்பளம் பாக்கி. இங்கே கட்ட வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது. வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? குண்டு விழுகிற ஊரில் ஒரு பெண்ணை நிற்க வைத்தது துப்பாக்கி மட்டுமில்லை, கடன் பத்திரமும்தான்.

சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, விசா எத்தனை நாள் என்று கேட்கிறோம். முதல் கேள்வி அது இல்லை சார். எவ்வளவு கடனோடு போகிறாய்? எட்டு லட்சம் கடன் வாங்கிப் போகிறவள் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. கடன்தான் அவளுக்கு நாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. வட்டி கட்டுகிற வரைக்கும், பிடிக்காத வார்டிலிருந்துகூட அவளால் வெளியே வர முடியாது.

மறுநாள் நானும் அவளும் பல்லாவரம் போய், மின்சார ரயிலேறி கிண்டியில் இறங்கினோம். திரு.வி.க. தொழிற்பேட்டையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978-இல் ஆரம்பித்தது. கிண்டி வழியாக எத்தனையோ ஆயிரம் தடவை போயிருக்கிற எங்கள் தெருக்காரர் ஒருவருக்கும் அது தெரியாது! இந்த விஷயத்தில் அரசாங்கம் 2015-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று ஆக்கி, ஆள் எடுக்கும் வேலையை முதலில் அரசு நிறுவனங்களிடமே ஒப்படைத்தது. அனுமதி பெற்ற ஏஜென்சி யாராக இருந்தாலும் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. தரகர் சொன்ன எட்டு லட்சத்தில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அரசாங்கத்தின் 'இ-மைகிரேட்' பக்கத்தில் ஏஜென்சியின் பேரைத் தட்டினால், லைசென்ஸ் உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். நம் தோல் பைக்காரரின் பேரைத் தட்டினேன். இல்லை.

பதிவு செய்தாள். பரீட்சை எழுதினாள். இண்டர்வியூவில் தேறினாள். சவுதி. இரண்டு வருஷ ஒப்பந்தம். மெடிக்கல், சர்டிபிகேட் சோதனை என்று மற்ற செலவுகள் இருந்தன. சீட்டு எடுத்தும், நான் கொஞ்சம் போட்டும் சமாளித்தோம். மனை தப்பித்தது.

"கடைசியில சவுதிதானா? ஜெர்மனி, ஜெர்மனின்னு சொன்னியே" என்று கேட்டேன்.

"தாம்பரத்துக்குன்னு யாராவது ரயிலேறுறாங்களா மாமா? செங்கல்பட்டு வண்டி பிடிக்கணும்னா அங்கே இறங்கித்தானே மாறணும்? சவுதி எனக்குத் தாம்பரம். ரெண்டு வருஷத்துல பாங்க் கடன் அடைஞ்சிடும். அதுக்குள்ளே ஜெர்மன் படிச்சிடுவேன். ஒருவேளை பிடிக்கலைன்னா, என்னைக்கு வேணாலும் 'போதும்'னு சொல்லிட்டுத் திரும்பி வரலாம். அதுக்குத்தான் இவ்வளவு பார்த்தேன்."

(தாம்பரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சொன்னது அவள்!)

எல்லாம் சரி. ஒரு கடனை மட்டும் நாங்கள் கணக்கில் எழுதவே இல்லை. என் தங்கைக்குச் சர்க்கரை. தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் அம்மாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டுப் போவது பெண்தான். தெருவில் யாருக்குத் தலை சுற்றினாலும் பிரஷர் பார்த்துச் சொல்வதும் அவள்தான். ஊரார் பெற்றோரைக் கவனிக்க விமானமேறுகிற பெண்ணுடைய சொந்த அம்மாவை யார் கவனிப்பது? எந்த நாட்டின் விசா விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் அவள் என் கையில் ஒரு சாத்துக்குடியையும் சிரிஞ்சையும் கொடுத்தாள். "பழகிக்குங்க மாமா. இனிமே நீங்கதான் டியூட்டி."

இரும்புத் தகட்டை ஓட்டை போடுகிற ஆள் நான். ஊசியைப் பார்த்தால் எனக்கே மயக்கம் வரும். நாலு நாள் சாத்துக்குடி, ஐந்தாம் நாள் தங்கை. தினம் ஒரே இடத்தில் குத்தக் கூடாது, வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், போட்ட பத்து விநாடி கழித்துத்தான் ஊசியை எடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, பிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போனாள்.

இப்போது தினம் காலை ஏழரைக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அங்கே சவுதியில் மணி ஐந்து. சரியாக அந்த நேரத்துக்குப் போன் வரும். "போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு."

நேற்றுத் தங்கை சொன்னாள், "அவ போட்டா வலிக்கவே வலிக்காது. நீ போட்டா சுருக்குன்னு வலிக்குது அண்ணே." கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒருநாள்கூட மறக்கலை நீ" என்றாள்.