'டேம்' சூடு எத்தனை டிகிரி?

ஒன்றை அழுத்திச் சொல்ல ஆங்கிலம் பெரும்பாலும் மூன்று இடங்களில் கடன் வாங்குகிறது. ஒன்று, உண்மை. 'வெரி' என்பதே 'உண்மையான' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். 'ரியலி', 'லிட்டரலி' இரண்டும் அதே வழி. அடுத்தது அச்சம்: 'டெரிப்லி', 'ஆஃபுலி'. மூன்றாவது வசை: 'டேம்', 'பிளடி'.

வாங்கிய சொல் புழங்கப் புழங்கத் தேயும். 1914இல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' லண்டனில் மேடையேறியபோது, கதாநாயகி சொன்ன ஒரு 'பிளடி' ஊரையே பேசவைத்தது. இன்று அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். 'லிட்டரலி'யை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் உண்டு. உள்ளபடி நடக்காததற்கும் அந்தச் சொல்லைப் போடும் வழக்கம், 1769இல் ஃபிரான்சஸ் புரூக் எழுதிய நாவலிலேயே இருக்கிறது.

நம் கதையும் அதுதான். 'நிரம்ப' தேய்ந்து 'ரொம்ப' ஆனது. "பயங்கர டேஸ்ட்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். மலேசியாவில் மலாயிடமிருந்து பைத்தியத்தையும் வாங்கிக்கொண்டோம்: "கிலா எக்ஸ்பென்சிவ் லா!"

என் வேலையில் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. தொழிற்சாலை வாட்ஸாப் குழுவில் "பம்ப் பேரிங் டேம் ஹாட்" என்று செய்தி வரும். 65 டிகிரியா, 95 டிகிரியா? சொல்லில் அது இல்லை. அனுப்பியது யார் என்று பார்த்தால்தான் பாதியாவது புரியும். எங்க புதுப் பையனுக்கு டீயும் 'டேம்', வெயிலும் 'டேம்', பேரிங்கும் 'டேம்'. முப்பது வருசம் மெஷினோடு வாழ்ந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் "தம்பி, கொஞ்சம் சூடா இருக்கு, வந்து பாருங்க" என்றால் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓடுவேன். அவருடைய 'கொஞ்சம்' இந்தப் பையனின் பத்து 'டேமு'க்குச் சமம்.

ரிப்போர்ட் எழுதும்போது இந்தச் சொற்களையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணைப் போடுகிறேன். குழுவில் மட்டும் யாரையும் திருத்துவதில்லை. ஒருநாள் ராத்திரி ஷிஃப்டில் அந்தப் பையன் 'டேம்' எதுவும் போடாமல், "அண்ணே, வாங்க" என்று மட்டும் எழுதக்கூடும். அன்றைக்கு என்ன விடுபட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டுமென்றால், மற்ற நாளெல்லாம் அவன் அவன் போக்கில் பேசியிருக்கவேண்டும்.