அலகு தீட்டல்

கருவியின் கூர்மையே தச்சரின் கைத்திறனுக்குத் துணை. இழைப்புளியின் அலகு மழுங்கிவிடின் மரம் வழவழப்பாகாது. சிராய் சிராயாகப் பெயரும்.

முதிய தச்சர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அலகு தீட்டிக்கொண்டிருந்தார். சாணைக்கல்லில் எண்ணெய் வார்த்து, அலகை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பதித்து, கல் முழுவதும் படுமாறு தேய்த்தார். ஒரே இடத்தில் தேய்த்தால் கல் குழிந்துவிடும்; குழிந்த கல்லில் விளிம்பு நேராக அமையாது.

அவர் மகனோ விரைவை விரும்பினான். மற்றோர் அலகை மின்சாணைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினான். தீப்பொறி பறந்தது, விளிம்பில் நீலம் பாய்ந்தது.

“கூர் வந்துவிட்டது, அப்பா!” என்றான்.

“கூர் வந்தது, உறுதி போயிற்று. சூடு மிகுந்தால் எஃகு தன் பதத்தை இழக்கும், தம்பி!” என்றார் தந்தை.

மகன் நாணினான். அலகை அடிக்கடி நீரில் தோய்த்து, நீலம் பாய்ந்த பகுதியை மெல்லத் தேய்த்து நீக்கினான். பின்னர்க் கல்லில் தீட்டினான். அலகின் பின்புறத்தில் விளிம்பு முழுவதும் நுண்ணிய பிசிர் எழுந்தது. அதுவே தீட்டல் நிறைந்தமைக்கு அடையாளம். அப்புறத்தைக் கல்லில் படிய வைத்துப் பிசிரைப் போக்கினான். பொழுதும் சாய்ந்தது.

தேக்குப் பலகையை இழைத்தபோது, வெங்காயத் தோல்போல் மெல்லிய சுருள் எழுந்தது. தந்தை ஒன்றும் கூறவில்லை. தம் அலகையும் அவனிடமே தீட்டக் கொடுத்தார்.