கள்ளுண்ணாமையும் அடியாரிணக்கமும்

உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. யாதாயினும் ஒன்றைச் சார்ந்தே நிற்பது. சார்ந்ததன் வண்ணமாகவே விளங்குவது. இது மெய்கண்ட சந்தானத்தார் அனைவரும் ஒருமுகமாக ஓதும் உண்மை. பளிங்கு தன்னை அடுத்த மலரின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி இருளாயும், அருளைச் சார்ந்துழி ஒளியாயும் நிற்கும். முத்தி நிலையை ஆராயுமிடத்து இவ்வுண்மையை விரித்துப் பேசும் சைவ நன்மக்கள், தம் தெருவில் அந்திப் பொழுதிலே தள்ளாடிச் செல்லும் ஒருவனைக் காணுமிடத்து அதனை மறந்துவிடுகின்றனர். அவனும் ஓர் உயிரே. அவன் சார்ந்தது கள். அதன் வண்ணமாய் அவன் நிற்கின்றான். அச்சார்பு நீங்குதற்கு வழி யாது என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

கள்ளைக் கடிதற்கண் நம் நூல்கள் குறைவைத்தனவல்ல. வள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். திருமூல நாயனார் முதல் தந்திரத்திலே கள்ளுண்ணாமையைத் தனியே வைத்தோதினார். ஆறுமுக நாவலரும் சிறுவர்க்கான பாலபாடத்துள்ளே அதனைத் தனித் தலைப்பிட்டு விலக்கினார். பெரும்பாதகங்களுள் ஒன்றாக அஃது எண்ணப்படுதலையும் யாவரும் அறிவர். ஆயினும் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. நூல்கள் ஒதுக்கச் சொன்னது கள்ளை. ஊரார் ஒதுக்கியது கள்ளுண்டவனை. இவ்விரண்டும் ஒன்றென்று கொண்டமையால் விளைந்த கேடு சிறிதன்று.

காவிரியின் தென்கரையிலே பாடல் பெற்ற சிற்றூர் ஒன்றில் தவில் வினைஞர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டா. தந்தையும் பாட்டனும் அக்கோயிலிலேயே முழக்கியவர்கள். மல்லாரிக்கு அவர் வாசிக்கும் வாசிப்பைக் கேட்டற்கென்றே அயலூரார் திருவிழாவுக்கு வருவர். திருமண வீடுகளில் இரவு நெடுநேரம் வாசித்த களைப்புத் தீரச் சிறிதளவு அருந்தத் தொடங்கினார். பின்னர் அது வாசிப்பதற்கு முன்னும் வேண்டியதாயிற்று. அதன் பின்னர் வாசிப்பே போயிற்று. ஒரு மார்கழித் திருவாதிரையன்று சுவாமி புறப்பாட்டின்போது தாளம் தவறித் தவிலொடு வீழ்ந்தார். கோயிலார் அன்றே அவரை நீக்கினர். நீக்கியது முறையே, திருமுன்னர் அந்நிலையில் ஒருவரை நிறுத்துதல் எங்ஙனம் கூடும்? ஆனால் நீக்கியதோடு தம் கடன் முடிந்ததென்று அனைவரும் கருதினர். தவில் அடகுக் கடைக்குச் சென்றது. மனைவியார் இட்டிலி சுட்டு விற்றுப் பிள்ளைகளைக் காத்தார்.

மும்முறை அவர் விட முயன்றார். முதன்முறை அம்மன் கோயிலொன்றிற் சூளுரைத்துக் கையிற் கயிறு கட்டிக்கொண்டார். அஃது ஒரு திங்கள் நின்றது. இரண்டாம் முறை ஐயப்பனுக்கு மாலை அணிந்தார். மாலை கழுத்திலிருந்த 41 நாளும் ஒரு துளியும் தீண்டினாரல்லர். மலைக்குச் சென்று மீண்டு மாலையைக் கழற்றிய அன்று மாலையே பழைய கடைவாயிலில் நின்றார். ஊரார் நகைத்தனர். நகைத்தவருள் ஒருவரேனும், அவ்வளவு நாளும் அவரைக் காத்தது யாது என்று எண்ணிப் பார்த்திலர். அந்நாட்களில் அவருக்கு விடியலில் நீராட்டிருந்தது. அந்தியிற் கூட்டு வழிபாடிருந்தது. உடனிருந்து உண்பார் இருந்தனர். ‘சாமி’ என்று மதித்து அழைப்பார் இருந்தனர். மாலை கழன்ற நாளில் அவை யாவும் ஒருங்கே கழன்றன. நோன்பிலே குறையில்லை. நோன்பின் பின்னர் அவர் சார்ந்து நிற்க ஒன்றும் எஞ்சவில்லை.

மூன்றாம் முறை, எவர்க்கும் சொல்லாது கதவடைத்துக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாள் கைகள் நடுங்கின. இரண்டாம் நாள் வலிப்புக் கண்டது. மூன்றாம் நாள் இரவு சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வனவாகக் கண்டு அலறினார். பேய் பிடித்ததென்று வேப்பிலையொடு வந்தாரும் உளர். அண்டை வீட்டு ஆசிரியர் ஒருவர் வண்டி பிடித்து அரசு மருத்துவமனையிற் சேர்த்தமையால் உயிர் பிழைத்தார்.

இவ்விடத்து மருத்துவர் கூறுவதைச் சைவ அன்பர்கள் செவிக்கொள்ளல் வேண்டும். பல்லாண்டு நாள்தோறும் மிகக் குடித்தவனது மூளை, மதுவின் அடக்குதலுக்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை மிகுத்துப் பழகிவிடுகின்றது. மது திடீரென நிற்பின் அடக்குவது போய்க் கிளர்ச்சி மட்டும் எஞ்சும். ஆதலின் சில மணிக்குள் நடுக்கமும், பெரும்பாலும் இரண்டு நாளைக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளிற் சித்தப்பிரமையும் தோன்றும். கவனியாது விடின் உயிர்க்கும் இறுதி நேரும். தயமின் என்னும் உயிர்ச்சத்து அற்றுப் போதலால் நினைவாற்றல் அழிதலும் உண்டு. ஆகவே, நெடுநாட் குடித்தவனை நோக்கி, ‘திருநீறு பூசிச் சத்தியம் செய், இன்றே விட்டுவிடு’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது அறிவுடைமையாகாது. திருநீறும் பூசுக, மருத்துவனிடமும் அழைத்துச் செல்க. மணியும் மந்திரமும் ஓதிய முன்னோர் மருந்தினையும் உடனோதினர் அன்றோ?

மருந்து உடல் நடுக்கத்தைத் தீர்க்கும். அந்திப் பொழுதினைத் தீர்க்காது. இதனை நன்குணர்ந்து நடைபெற்ற தொண்டொன்று சோழ நாட்டிலேயே உண்டு. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், அவர் பெயரால் 1980-இல் சென்னையில் ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். 1992-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருதளித்தது. அந்நிலையத்தார், நோயாளர் நகரத்தைத் தேடி வருதல் அரிதென்று கண்டு, 1989 முதல் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் முகாம் நடத்தத் தலைப்பட்டனர். அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் வட்டத்தைச் சார்ந்தது. வற்கடக் காலத்திலே அப்பரும் சம்பந்தரும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த திருவீழிமிழலையும் அவ்வட்டத்ததே. அம்முகாமின் சிறப்பு மருந்தில் இல்லை. இடத்திலும் முறையிலும் உள்ளது. தங்க இடமும் உணவும் உள்ளூரார் உதவுவர். இன்ன வீட்டில் இன்னார் துன்புறுகின்றார் என்று அறிந்து அழைத்து வருவோரும் ஊராரே. ஏறத்தாழப் பதினைந்து நாள் ஒருங்கிருந்து உண்டு, பேசி, தம் நிலையை ஒருவர்க்கொருவர் மறையாது உரைப்பர். மனைவியர்க்கும் தனியே அறிவுரை உண்டு. முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து வந்து நலம் உசாவுவர். வீழ்ந்தவன் மீண்டு வருங்கால் ஊர் அவனைப் புதியனாக ஏற்க ஆயத்தமாய் இருக்கும். ஏனெனில் அவனுக்கு உணவளித்த ஊர் அது.

இத்தொண்டு புரிவாரைத் தமிழில் ஆற்றுப்படுத்துநர் என்று வழங்குகின்றனர். வழங்கியவர் அறிந்து வழங்கினரோ அறியாது வழங்கினரோ, சொல் மிக நன்று. பரிசில் பெற்றான் ஒருவன், பெறாது வருந்தி எதிர்வருவானை, ‘இவ்வழிச் செல்க’ என்று காட்டுவதே ஆற்றுப்படை. வழி காட்டுபவன் முன்னர்த் தானும் வருந்தியவனாதல் வேண்டும் என்பதே அத்துறையின் உயிர். இக்கருத்தின்மேலேயே அமெரிக்க நாட்டில் ஒரு கூட்டம் எழுந்தது. 1935-இல் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரிலே, நியூயார்க்கிலிருந்து வாணிகத்தின்பொருட்டு வந்திருந்த ஒருவரும், அந்நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் அழிந்தவர்கள். முன்னவர் விட்டுச் சில திங்களே ஆயின. மீண்டும் குடிக்க உள்ளம் உந்தியது. தம்மையொத்த மற்றொருவனுக்கு உதவினாலன்றித் தாம் பிழையார் என்று கண்டு அம்மருத்துவரைத் தேடிச் சென்றார். அச்சந்திப்பினின்று விளைந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டம். ‘எம்மால் ஆவதொன்றில்லை, எம்மினும் பெரிய ஆற்றலொன்று உண்டு’ என்று ஒப்புக்கொள்ளுதல் அவர்தம் வழியின் தொடக்கம். தற்போதம் இறத்தலைப் பற்றி நூறு உரை கற்றவர்க்கு இஃது அயலான செய்தியன்று.

அக்கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. கிறித்தவ ஆலயங்களைச் சார்ந்த அறைகளிலும் பள்ளிக் கூடங்களிலும் மாலைதோறும் சிலர் கூடியிருந்து பேசிச் செல்வர். வாடகை பெரிதில்லை, நாற்காலி சிலவும், ஒரு விளக்கும், தேநீரும் போதும். ஆயிரங்கால் மண்டபங்களைக் கட்டுவித்த நாட்டிலே, வௌவால் குடியிருக்கும் மண்டபங்கள் எத்தனை! அவற்றுள் இப்பணிக்குத் திறக்கப்பட்டன எத்தனை? இவ்வினாவினைச் சைவ சபைகளின் ஆண்டு விழாக்களிலே எவரேனும் எழுப்பினால் நன்று. 1921-இல் கள் இறக்குதற்கு உதவாதபடி தம் தோப்பிலிருந்த தென்னை ஐந்நூற்றினை வெட்டுவித்தவர் ஈ. வெ. இராமசாமியார் என்பர். இறைவனை மறுத்தவர் அவர். இறைவனை ஏற்றவர்கள் தம் தோப்புகளை அன்று என் செய்தனர் என்று கேட்பின் விடை சொல்லுதல் எளிதன்று.

சட்டம் போதுமன்றோ என்பார் உளர். 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்திலே இராசாசி மதுவிலக்கினை நடைமுறைப்படுத்தினார். கடையை மூடியதோடு நில்லாது, மாலைப் பொழுதிற்குப் பசனையும் விளையாட்டும் தேநீர்க் கடையும் வேண்டுமென்று அக்காலத்தார் உணர்ந்திருந்தமை போற்றத்தக்கது. 1948-இல் மாகாணம் முழுதும் மதுவிலக்குப் பரவியது, 1971-இல் தளர்ந்தது, சில ஆண்டில் மீண்டது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் நிறுவனமே நடத்தி வருகின்றது. சட்டம் வருவதும் போவதும் ஆட்சியாளர் கையில். 2024 சூன் திங்களிற் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டமையும் யாவரும் அறிவர். கடை திறந்திருப்பினும் மூடியிருப்பினும், அந்தியில் ஒருவன் எவ்விடம் செல்வான் என்பது அவன் ஊரின் கையிலும் உள்ளது.

திலகவதியார் திருவதிகையிலே செய்தது யாது? தம்பியார் புறச்சமயம் புக்குப் பல்லாண்டு கழிந்தன. சூலை நோய் குடரைக் குடைந்தபோது, உடனிருந்தார் மயிற்பீலியாலும் மந்திர நீராலும் தீர்க்கலாகாது கைவிட்டனர். மடைப்பள்ளியானைத் தமக்கையார்பால் விடுத்தார். அம்மையார் அவ்விடம் செல்ல இசைந்திலர், கண்டிப்பில் நெகிழ்ந்தாரல்லர். ஆயின் தம்பியார் இரவிலே தாமே வந்து அடியில் வீழ்ந்தபோது, ‘இத்தனை நாள் எங்கிருந்தாய்?’ என்று ஒரு சொல்லும் வினவியதாகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறளித்தார். விடியற்குமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தாம் நாள்தோறும் செய்யும் தொண்டிற்குப் புறப்பட்டார். தம்பியையும் உடனழைத்துச் சென்றார். மீண்டவர்க்கு முதலிற் கிடைத்தவை நீறும், ஒரு வேலையும், உடனிருப்பாரும். சிவஞான போதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங் கழீஇய சீவன்முத்தர்க்கும் அன்பரொடு மருவுதலை விதிக்கின்றது. முத்தர்க்கே வேண்டப்படும் இணக்கம் குடியிலிருந்து நேற்று மீண்டவனுக்கு வேண்டா என்பது எவ்வகை நியாயம்?

தவில் வினைஞர் மருத்துவமனையினின்று மீண்ட மறுநாள், ஓய்வு பெற்ற முதிய ஓதுவார் ஒருவர் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். “தம்பி, தெற்கு மண்டபத்திலே பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக் கொடுக்கின்றேன். தாளம் போட ஆளில்லை, அந்திக்கு வா” என்றார். குடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தி என்பது கடைக்குச் செல்லும் பொழுது. ஓதுவார் அதனை அறிந்தே சொன்னார். கோயிலாருட் சிலர், குடித்தவனை மண்டபத்தில் ஏற்றலாமோ என்று தடுத்தனர். “குடித்தவன் வரவில்லை ஐயா; தாளம் போடுகிறவன் வந்திருக்கிறான்” என்று ஓதுவார் விடையிறுத்தார். நான்கு திங்கள் இனிது கழிந்தன. உறவினர் திருமணமொன்றில் மீண்டும் வழுக்கினார். வெட்கத்தால் மூன்று நாள் வெளிப்படவில்லை. நான்காம் நாள் ஓதுவார் சென்று, திருநீற்று மடிப்பொன்றைத் திண்ணையில் வைத்து, “நேற்றுப் பிள்ளைகள் தாளந்தப்பிப் பாடினார்கள்” என்று மட்டும் கூறி மீண்டார். அன்று அந்தியிலே அவர் தூணருகே தம் இடத்தில் இருந்தார்.

ஓதுவார் இப்பொழுது இல்லை. அடகுத் தவிலைப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து மீட்டுக் கொடுத்தனர். பதிகம் சொல்லிக் கொடுக்க இளையவர் ஒருவர் வருகின்றார்; தாளம் பழைய கையிலேயே உள்ளது. சென்ற ஐப்பசியில் அயல் தெருவினன் ஒருவன் அந்தியில் மண்டபத்து வெளியே நின்றுகொண்டிருந்தான். வாயில் மணம் போகவில்லை. பிள்ளைகள் அஞ்சி ஒதுங்கினர். தவில் வினைஞர் எழுந்து சென்று, சிறிது இடம் விட்டு அமரச் செய்து, தம் கையிலிருந்த தாளத்தை அவனிடம் கொடுத்துவிட்டுத் தாம் கைத்தாளம் இடத் தொடங்கினார்.